மனம், வாக்கு, காயம்: ராணுவ அதிகாரித் தேர்வைக் கடப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர், யு.பி.எஸ்.சி. நடத்தும் எழுத்துத் தேர்வைத்தான் மலையாக எண்ணி ஓராண்டு, ஈராண்டு உழைக்கிறார்கள். அதில் தேறி எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியத்தின் வாசலில் பெட்டியோடு போய் நின்ற பிறகுதான், இதுவரை படித்ததில் ஒரு பக்கம்கூட அங்கே நேரடியாக உதவப்போவதில்லை என்பது அவர்களுக்கு உறைக்கிறது. ஐந்து நாள் நடக்கும் அந்தத் தேர்வை மையமாக வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது; அதற்கு முன்னும் பின்னும் உள்ள படிகளைத் தேவையான அளவுக்குச் சொல்லிச் செல்கிறேன்.

எந்த வழியில் நுழைவது

பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவருக்கு என்.டி.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு உண்டு. வயது ஏறத்தாழ பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600 மதிப்பெண், எஸ்.எஸ்.பி.க்கு மட்டும் 900. இதில் தேறுபவர்கள் புனே அருகிலுள்ள கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு பயில்கிறார்கள். 2022 முதல் பெண்களும் அங்கே சேர்க்கப்படுகிறார்கள். உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி, இந்த வழியை மனத்தில் வைத்தே மாணவர்களை வளர்க்கிறது. ஆனால் அங்கே படிக்காதவருக்கு இந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பட்டதாரிகளுக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் சி.டி.எஸ். எனப்படும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. டேராடூன் ராணுவக் கழகம், எழிமலை கடற்படைக் கழகம், ஹைதராபாத் விமானப்படைக் கழகம் ஆகியவற்றுக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள்கள். தாளுக்கு நூறு வீதம் 300, எஸ்.எஸ்.பி.க்கு 300. சென்னை பரங்கிமலையில் 1963 முதல் இயங்கும் அதிகாரிகள் பயிற்சிக் கழகமான ஓ.டி.ஏ.வுக்குக் கணிதத் தாள் கிடையாது. எழுத்துக்கு 200, எஸ்.எஸ்.பி.க்கு 200. கணிதம் வராது என்பதற்காகவே சீருடைக் கனவைக் கைவிட்ட கலைக்கல்லூரி மாணவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும் என்பதால், ஊகித்துக் குறிப்பதில் கை அடங்கியிருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வே இல்லாத நுழைவுகளும் உண்டு. என்.சி.சி. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ தரம் பெற்ற பட்டதாரிகளுக்குத் தனி நுழைவு, பொறியியல் பட்டதாரிகளுக்கான தொழில்நுட்ப நுழைவுகள், சட்டம் படித்தவர்களுக்கான நுழைவு, ஜே.இ.இ. மெயின் எழுதிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான நுழைவு ஆகியவற்றில், விண்ணப்பத்தை மதிப்பெண் அடிப்படையில் சலித்து நேரே எஸ்.எஸ்.பி.க்கு அழைக்கிறார்கள். வயது வரம்பு ஒவ்வொன்றிலும் மாறும். பிறந்த தேதியை அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

விருப்ப வரிசையை நிரப்பும்போது அவசரப்படக் கூடாது. முதல் விருப்பமாக எந்தப் படையைக் குறிக்கிறோமோ அந்தப் படையின் வாரியம்தான் நம்மைச் சோதிக்கும். விமானியாக விரும்புபவருக்கு இன்னொரு எச்சரிக்கை: விமானிக்கான கணினித் திறன் சோதனை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதில் தவறியவர் பிறகு எத்தனை வாரியங்களுக்குப் போனாலும் விமானிகள் பிரிவில் நுழைய இயலாது.

அழைப்புக் கடிதமும் முன்னெழுத்துச் சிக்கலும்

எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு, ராணுவத்தை முதல் விருப்பமாகக் கொடுத்தவர்கள் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் உரிய நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு அழைப்பு வரவில்லை என்று காத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் சிலர் இருக்கிறார்கள். ராணுவத்தின் தேர்வு மையங்கள் பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு, பஞ்சாபின் ஜலந்தர் வட்டாரம் ஆகிய இடங்களில் உள்ளன. விமானப்படைக்கு மைசூரு, டேராடூன், காந்திநகர், வாரணாசி போன்ற இடங்களில் வாரியங்கள் இருக்கின்றன. ஒரு வகை நுழைவுக்கு முதல் முறை போகிறவருக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதால் பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’ என்று இருக்கும், ஆதாரில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’ என்று இருக்கும், பட்டச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால் போயிருக்கும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பழகிய ஒரு எழுத்தருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தெரியலாம். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுவதும், மற்ற ஆவணங்களை முன்கூட்டியே திருத்திக்கொள்வதும், திருத்த நேரமில்லாவிட்டால் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் நல்லது.

மூவர் பார்க்கும் ஒருவர்

நாள்வாரியாகச் சொல்வதற்கு முன் இந்த முறையின் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, நல்ல குடும்பம், நல்ல ஆங்கிலம் என்ற அளவுகோலால் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகள் களத்தில் தடுமாறியதால், உளவியல் சோதனைகளைக் கொண்ட வாரிய முறையைப் பிரிட்டன் கொண்டுவந்தது. 1943-இல் அது சோதனை முயற்சியாக டேராடூனுக்கு வந்தது. இன்று நடப்பது அதன் வழிவந்ததே.

மூன்று மதிப்பீட்டாளர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். உளவியலாளர் நாம் எழுதியதை மட்டுமே படிக்கிறார். பெரும்பாலும் நம்மோடு ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. நேர்காணல் அதிகாரி நம் பேச்சைக் கேட்கிறார். ஜி.டி.ஓ. எனப்படும் குழுப்பணி அதிகாரி மைதானத்தில் நம் செயலைப் பார்க்கிறார். கடைசி நாள் வரை மூவரும் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். மனம், வாக்கு, காயம் எனப்படும் உடல் ஆகிய மூன்றும் ஒத்திருப்பதை நம் பெரியவர்கள் திரிகரண சுத்தி என்றார்கள். வாரியம் தேடுவது ஏறத்தாழ அதைத்தான். அறிவுக்கூர்மை, திட்டமிடும் ஆற்றல், பொறுப்புணர்ச்சி, ஒத்துழைப்பு, தன்முனைப்பு, முடிவெடுக்கும் வேகம், மன உறுதி, துணிவு என்று பதினைந்து பண்புகளை அவர்கள் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து நடிக்கப் போகிறவர், எழுத்தில் தீரனாகவும் மைதானத்தில் பின்வரிசையிலும் நின்று, மூன்று அறிக்கைகளில் மூன்று ஆளாகத் தெரிந்துவிடுகிறார். பயிற்சி நிலையங்களைப் பற்றிய என் கருத்தும் இதிலிருந்து வருவதுதான்: கயிறு, கட்டை, நேர அளவு ஆகியவை பழகுவதற்காக ஒரு வாரம் போய்வரலாம், அங்கே கதைகளை எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

முதல் நாள்: சலித்தல்

காலையில் நெஞ்சில் ஓர் எண் மாட்டப்படும். அதற்குப் பிறகு பெயர் பின்னுக்குப் போய்விடும். முதலில் சொல்லறிவு, வடிவறிவு என இரண்டு நுண்ணறிவுத் தாள்கள். ஒரு வினாவுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. வங்கித் தேர்வுக்குத் தயாரானவர்களுக்கு இது பழகிய களம். இருநூறு மாதிரி வினாக்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்தவருக்கு இதில் அச்சமில்லை.

அடுத்து, மங்கலான ஒரு படம் திரையில் முப்பது விநாடி காட்டப்படும். அதில் தெரிந்த மனிதர்களின் எண்ணிக்கை, பால், வயது, மனநிலை ஆகியவற்றை ஒரு நிமிடத்தில் குறித்துவிட்டு, நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு பன்னிரண்டு, பதினைந்து பேர் கொண்ட குழுவாக அரைவட்டத்தில் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்குள் தம் கதையைச் சொல்லி, இறுதியில் குழு முழுவதும் ஒரு பொதுக்கதைக்கு வர வேண்டும். இந்த இடத்தில் சந்தைக்கடை இரைச்சல் எழுவது வழக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது தொண்டை கிழியக் கத்துவதால் பயனில்லை. முதல் ஐந்து விநாடிக்குள் ஒரு தெளிவான வாக்கியத்தைப் போட்டுவிடுவது, இரைச்சல் தணியும் கணத்தில் பேசாதிருக்கும் ஒருவரின் எண்ணைச் சொல்லி அவர் கருத்தைக் கேட்பது ஆகியவை எடுபடும். கதை நம்முடையதாக ஏற்கப்பட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பிற்பகலில் எண்களை வாசிப்பார்கள். வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெரும்பாலும் அன்று மாலையே ரயில் நிலையத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மீதமுள்ளவர்கள் பி.ஐ.க்யூ. என்ற தன்விவரப் படிவத்தை நிரப்புவார்கள். நேர்காணல் முழுவதும் அந்தப் படிவத்தின் மேல்தான் நடக்கும் என்பதால், அதன் மாதிரியை வீட்டிலேயே நாலைந்து முறை எழுதிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இரண்டாம் நாள்: எழுத்தில் மனம்

உளவியல் சோதனைகள் நான்கும் இடைவெளியின்றி வரும். முதலில் பதினொரு படங்களும் ஒரு வெற்றுத்திரையும். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடத்தில் ஒரு கதை. விளக்கடியில் தனியே அமர்ந்திருக்கும் இளைஞன் ஒருவன் திரையில் தெரிகிறான் என்று வைத்துக்கொள்வோம். அறையில் உள்ள பெரும்பாலோர் அவனை ஏழையாக்கி, இரவு பகலாகப் படிக்கவைத்து, கடைசி வரியில் கலெக்டராக்கிவிடுவார்கள். அவனை ஊராட்சியின் குடிநீர்த் தொட்டி பழுதானதற்கு மனு எழுதுபவனாக்கலாம். மனுவோடு நில்லாமல் மோட்டார் பழுதுபார்க்கும் நண்பனை அழைத்துவந்து, தெருவில் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் திரட்டி, மூன்றாம் நாள் தண்ணீர் வரவழைத்தான் என்று முடிக்கலாம். சிக்கல் சிறிதாகவும், செய்த வேலை கண்ணுக்குத் தெரிவதாகவும், உடன் நின்றவர்கள் பெயரோடும் இருந்தால் அந்தக் கதையில் எழுதியவன் தெரிவான். நம் வாழ்க்கையில் பார்த்ததை எழுதினால் பன்னிரண்டு கதைக்கும் பஞ்சம் வராது.

அடுத்து அறுபது சொற்கள், சொல்லுக்குப் பதினைந்து விநாடி. திரையில் வருவது ஆங்கிலச் சொல். தமிழ்வழியில் படித்தவர்கள் அதைத் தமிழில் வாங்கி, தமிழில் யோசித்து, மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுவதற்குள் அடுத்த சொல் வந்துவிடுகிறது. இலக்கண நயம் இங்கே யாருக்கும் தேவையில்லை. ஐந்தாறு சொல் கொண்ட எளிய ஆங்கில வாக்கியம் போதும். தினமும் முப்பது சொல் வீதம் இரண்டு மாதம் எழுதிப் பழகினால் இந்தத் தடை கரைந்துவிடும். ‘தோல்வி’ என்ற பொருளில் ஒரு சொல் வந்தால், தோல்வியே வெற்றியின் முதல் படி என்று நூறு பேர் எழுதுவார்கள். ‘தோற்ற அணி மறுநாள் காலை ஃபீல்டிங் பயிற்சியைக் கூட்டியது’ என்று எழுதுபவரின் மனம் எப்படி ஓடுகிறது என்பது படிப்பவருக்குப் புரியும்.

மூன்றாவதாக, அறுபது சூழ்நிலைகளுக்கு முப்பது நிமிடம். பேருந்துப் பயணத்தில் ஓட்டுநர் மயங்கிச் சரிகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது போல இருக்கும். ‘பிரேக் பிடித்து ஓரம் நிறுத்தினார், 108-ஐ அழைத்தார், பயணிகளை அடுத்த பேருந்தில் ஏற்றிவிட்டார்’ என்று தந்தி பாணியில் எழுதினால் போதும். கொள்ளையர் ஐவரை வெறுங்கையால் வீழ்த்தும் விடைகள் படிப்பவரைச் சிரிக்கவைப்பதோடு சரி.

கடைசியாகப் பதினைந்து நிமிடத்தில் பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள், நீங்கள் ஆகியோர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும், இனி எப்படி மாற விரும்புகிறீர்கள் என்றும் எழுத வேண்டும். இதை வீட்டிலேயே தயாரிக்கலாம், தயாரிக்கத்தான் வேண்டும். உண்மையாகவே அம்மாவிடம் போய்க் கேளுங்கள். ‘சொன்ன வேலையைச் செய்வான், ஆனால் மூன்று முறை சொல்ல வேண்டும்’ என்று அவர் சொன்னால், அதையே எழுதி, அதைச் சரிசெய்ய என்ன செய்துவருகிறீர்கள் என்பதையும் எழுதலாம்.

மூன்றாம், நான்காம் நாள்கள்: மைதானம்

வெள்ளை உடையில், எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட குழுவாக ஜி.டி.ஓ.வின் முன் நிற்பீர்கள். இரண்டு குழு விவாதங்கள் முடிந்ததும், நிலப்பரப்பு மாதிரி ஒன்றின் மேல் ஒரு கதை சொல்லப்படும்: ஒரு பக்கம் தண்டவாளம் பெயர்க்கப்பட்டிருக்கிறது, இன்னொரு பக்கம் ஒருவர் பாம்புக்கடிபட்டுக் கிடக்கிறார், காட்டில் தீ, கையில் ஒரு ஜீப், நாற்பது நிமிடம். முதலில் தனியே எழுதிவிட்டுப் பிறகு குழுவாகப் பேசி ஒரே திட்டத்துக்கு வர வேண்டும். உயிர் முதலில், உடைமை பிறகு என்ற வரிசையையும், யார் எதை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார், எத்தனை நிமிடம் ஆகும் என்ற கணக்கையும் விட்டுவிடக் கூடாது.

பிறகு தடைகளைக் குழுவாகக் கடக்கும் பணி. தரையில் கோடு போட்டிருக்கும்; இரண்டு கோட்டுக்கும் நடுவே மண்ணை மிதிக்கக் கூடாது. சிவப்பு வண்ணம் பூசிய பகுதியை ஆளும் தொடக் கூடாது, பொருளும் தொடக் கூடாது. நான்கடிக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாவிக் கடக்கக் கூடாது. இடையில் பாலம் அமைத்தாக வேண்டும். அதற்குத் தருகிற பலகையை ‘ஃபட்டா’ என்றும், உருட்டுக்கட்டையைப் ‘பல்லி’ என்றும் சொல்வார்கள். பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரி சொன்னதும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது மைதானத்தின் சிறு வேடிக்கை. இந்தப் பணியில் ஆலோசனை சொல்பவர்கள் நிறைய இருப்பார்கள். கட்டையின் மறுமுனையை அழுத்திப் பிடித்து உட்கார ஆள் இருக்க மாட்டார்கள். அந்த முனையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே அடுத்த அடிக்கு வழி சொல்பவரை அதிகாரியின் கண் தவறவிடுவதில்லை. யோசனை தவறிப்போனால் வெட்கமின்றிக் கைவிட்டு, அடுத்தவர் யோசனைக்குத் தோள்கொடுக்க வேண்டும்.

பாம்பு போன்ற நீண்ட சுமையைத் தூக்கிக்கொண்டு குழுக்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓடும் ஓட்டத்தில் தொண்டைக்குத்தான் வேலை அதிகம். அடுத்து, அட்டையில் தரப்படும் நான்கு தலைப்பில் ஒன்றைத் தேர்ந்து, மூன்று நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம் பேச வேண்டும். கடினமான தலைப்பை எடுத்துத் திணறுவதைவிட, தெரிந்த எளிய தலைப்பை ஒழுங்காகப் பேசுவது மேல். தனிநபர் தடைகள் பத்து, நேரம் மூன்று நிமிடம். உயரம் கண்டு தயங்குபவர் முன்பே ஏதாவது ஒரு மைதானத்தில் கயிறேறிப் பழகிக்கொள்ள வேண்டும். பத்தையும் முடிக்காதவர் தேர்வாவதும், முடித்தவர் திரும்பிப்போவதும் உண்டு.

தலைமைப் பணியில் உங்களைத் தளபதியாக்கி, உதவிக்கு இருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நெருங்கிய நண்பனை அழைக்கும் ஆசை வரும். கட்டை தூக்க வலுவுள்ளவரையும், சொன்னதைக் கேட்டுச் செய்பவரையும் அழையுங்கள். குழுவில் எத்தனை பேர் உங்களைத் தங்கள் உதவிக்கு அழைத்தார்கள் என்பதும் அந்த மைதானத்தில் ஒரு செய்தியாகவே பார்க்கப்படும்.

நேர்காணல்

இந்த நாள்களுக்கு நடுவில் ஏதோ ஒரு நேரத்தில் நேர்காணல் வரும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. வழக்கமாக ஒரு நீண்ட கேள்விச்சரம் தொடுக்கப்படும்: பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள், பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர், ஏன், நண்பர்கள் யார், விடுமுறையில் என்ன செய்தீர்கள், விளையாட்டு என்ன என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, வரிசை மாறாமல் விடை சொல்லச் சொல்வார்கள். ஒன்றிரண்டு விட்டுப்போனால் மீண்டும் கேட்பதில் தவறில்லை.

ஆழம் பார்ப்பது அதற்குப் பிறகுதான். படிவத்தில் திருப்பூர் என்று எழுதியிருந்தால், நூல் எங்கிருந்து வருகிறது, பின்னலாடை எந்த நாட்டுக்குப் போகிறது, சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஏன் மூடச் சொன்னது, நீங்கள் ஆட்சியராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி கீழே கீழே இறங்கும். தோட்டம் பொழுதுபோக்கு என்று எழுதிவிட்டுத் தக்காளி நாற்றுக்கு இடைவெளி எவ்வளவு என்று தெரியாமல் விழிப்பதைவிட, பொழுதுபோக்கு நண்பர்களோடு டீக்கடையில் பேசுவது என்று எழுதுவது நேர்மை. தந்தையின் வருமானம் குறைவு என்பதற்கோ, அரசுப் பள்ளியில் படித்தோம் என்பதற்கோ குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பிழை வந்தால் திருத்திக்கொண்டு தொடரலாம். தெரியாததைத் தெரியாது என்று முழு வாக்கியமாகச் சொல்லலாம்.

ஐந்தாம் நாள்: மாநாடு

வாரியத் தலைவர் முதல் உளவியலாளர் வரை எல்லோரும் அமர்ந்திருக்கும் அறைக்குள் ஒவ்வொருவராக அழைக்கப்படுவீர்கள். மூன்று அறிக்கைகளும் முதல் முறையாக ஒன்றாக வைத்துப் பேசப்படுவது இங்கேதான். பெரும்பாலோரிடம் தங்குமிடம் எப்படி, உணவு எப்படி, என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தயக்கம் உள்ள எண்களிடம் ஒன்றிரண்டு சூழ்நிலைக் கேள்விகள் கூடும். நேரம் நீண்டது நல்லதா கெட்டதா என்று வெளியே நடக்கும் ஆராய்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டாம். சிறிது நேரத்தில் தேர்வானவர்களின் எண்கள் வாசிக்கப்படும். ஒரு குழுவிலிருந்து ஒருவர்கூட இல்லாமல் போவது அரிதன்று. வயது வரம்பு இருக்கும் வரை மீண்டும் வரலாம். முயற்சிகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது.

மருத்துவமும் தகுதிப் பட்டியலும்

தேர்வானவர்கள் அங்கேயே தங்கி, ராணுவ மருத்துவமனையில் சில நாள் பரிசோதிக்கப்படுவார்கள். காது அழுக்கு, கூடுதல் எடை, தட்டைப் பாதம், முட்டி இடித்தல், முழங்கைக் கோணம், மூக்குத் தண்டு வளைவு, நிறப்பார்வை, மூலம், பச்சை குத்திய இடம் என எல்லாமே பார்க்கப்படும். இவற்றில் பாதியை ஊரிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டி முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும். ஐந்து நாள் போராடி வென்றுவிட்டுக் காது அழுக்குக்காகத் தள்ளிவைக்கப்படுவது தவிர்க்கக்கூடிய வேதனை. தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதினால், 42 நாளுக்குள் சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

இதுவும் முடிந்த பிறகு, எழுத்து மதிப்பெண்ணையும் எஸ்.எஸ்.பி. மதிப்பெண்ணையும் கூட்டி அகில இந்தியத் தகுதிப் பட்டியல் வெளியாகும். எழுத்துத் தேர்வு இல்லாத நுழைவுகளில் எஸ்.எஸ்.பி. மதிப்பெண்ணே வரிசையைத் தீர்மானிக்கும். வாரியம் பரிந்துரைத்து, மருத்துவமும் தேறி, இடங்கள் குறைவாக இருந்ததால் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் இருப்பார்கள். ஆகவே சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும் வரை வேலையை விட வேண்டாம், அடுத்த தேர்வுக்கான விண்ணப்பத்தையும் நிறுத்த வேண்டாம். கடிதம் வந்தவர்கள் எடையைக் கட்டுக்குள் வைத்து, காலையில் ஓடும் பழக்கத்தைக் கைவிடாமல் இருக்க வேண்டும். பரங்கிமலையில் 49 வாரமும் பொழுது விடியும் முன்பே ஓட்டத்தில்தான் நாள் தொடங்கும்.